வரைபடத்தில் மேடேறும் ஆறு

மாயாஜாலக் கதைப் புத்தகத்தைத் திறந்தால் முதல் பக்கத்தில் வரைபடம். அங்கேயே எனக்கு மூட் அவுட். நேற்று வாங்கியதில் ஒரு ஆறு, மேற்குக் கடலில் ஆரம்பித்து, நடுவிலிருக்கும் மலைத்தொடரை வெட்டிக்கொண்டு கிழக்குக் கடலில் போய் விழுகிறது. எது தலை, எது வால்? தண்ணீர் எந்தப் பக்கம்தான் ஓடும்?

டிராகன் பறக்கட்டும், நம்பிவிடுகிறேன். தண்ணீர் பள்ளத்துக்குத்தான் பாயும் என்பதையாவது விட்டுவையுங்கள் ஐயா.

அதே படத்தில் ஒரு மலை ஏரி. அதிலிருந்து மூன்று ஆறுகள், மூன்று திசையில். கரையில் எந்த இடம் தாழ்வோ அந்த வாய் வழியாகத்தானே ஏரி வழியும்? வழிய வழிய அதையே அரித்து ஆழமாக்கும், மற்ற வாய்கள் வறண்டுபோகும். "காவிரி முக்கொம்பில் பிரியலையா?" என்பார்கள். பிரிகிறது, கடல் நோக்கிய சமவெளியில். மலையுச்சியில் இல்லை. வெனிசுலாவில் ஒரினோக்கோ ஆற்றிலிருந்து பிரியும் காசிக்கியாரே ஆறு, ரியோ நீக்ரோ என்ற இன்னொரு ஆறு வழியாக அமேசானில் சேருகிறது. அப்படி நடப்பது அபூர்வம் என்பதால்தான் அதற்கு அவ்வளவு புகழ்!

கால்வாய் இன்னும் மோசம். மலைக்குக் குறுக்கே ஸ்கேல் வைத்து ஒரு கோடு, கப்பல் ஜம்மென்று போகிறது. பனாமாவில் கப்பலை 26 மீட்டர் ஏற்றி இறக்க, கதவு வைத்த பெரிய பெரிய தொட்டிகள் தேவைப்படுகின்றன. ஒரு கப்பல் கடக்கச் சுமார் 20 கோடி லிட்டர் நன்னீர் செலவு. 2023-இல் மழை குறைந்ததும் கப்பல்கள் வரிசைகட்டிக் காத்துக் கிடந்தன. இந்தக் கதையிலோ, கால்வாய்க்குத் தண்ணீர் வருவது பாலைவனத்திலிருந்து.

இதில் கதை வேறு நன்றாக இருந்து தொலைக்கிறது. இரண்டாம் பாகமும் வாங்கியாக வேண்டும்.