எடை 75 கிலோதான், ஆனாலும் ஸ்டென்ட்
எண்ணெய், எரிவாயு வேலையில் இருப்பவர்கள் பி.எம்.ஐ. (உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் எண்) 30-ஐத் தாண்டினால்தான் இதயத்துக்குப் பயப்பட வேண்டும் என்று நான் படித்த ஒரு கட்டுரை சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. இந்தியர்களுக்கு 23-லேயே அதிக எடை, 25-லேயே உடல் பருமன் என்றுதான் நம் மருத்துவர்கள் பார்க்கிறார்கள். ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 90 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். குடியாத்தத்துக்காரரான என் மச்சான் வளைகுடாவில் கடல் நடுவே எரிவாயு மேடையில் வேலை செய்கிறார். உயரம் 170 சென்டிமீட்டர், எடை 75 கிலோ, அதாவது பி.எம்.ஐ. 26. கையும் காலும் குச்சி, தொப்பை மட்டும் தனியாக நிற்கும். போன வருடம் லீவில் வந்தபோது நெஞ்சைப் பிசைந்தது. கேஸ் ட்ரபிள் என்று இரண்டு நாள் சோடா குடித்தே ஓட்டினார் (கேஸிலேயே வேலை செய்பவர் வேறு என்ன நினைப்பார்!). கடைசியில் வேலூரில், இதய ரத்தக் குழாய் அடைப்பைத் திறந்து வைக்கும் சிறு வலைக்குழாயான ஸ்டென்ட் வைத்தார்கள். அந்தக் கட்டுரைக்குக் கருத்துச் சொன்ன ஒருவர், "மேடையிலேயே ஜிம் இருக்கிறதே, சோம்பேறித்தனம்தான் காரணம்" என்று எழுதியிருக்கிறார். சரி, 12 மணி நேர ஷிப்ட், இரண்டு வாரம் பகல், இரண்டு வாரம் இரவு, ராத்திரி 2 மணிக்கு மெஸ்ஸில் பொரித்த கோழி என்று இருந்துவிட்டு எவர் போய் ஜிம்மில் ஓடுவார்? தூக்கம் மாறி மாறிக் கெட்டாலே ரத்த அழுத்தமும் சர்க்கரையும் ஏறும். அப்புறம் லீவு. 28 நாளும் கல்யாணம், விருந்து, பிரியாணி, ஆற்காடு மக்கன் பேடா. ஊட்டிவிட்டதில் என் பங்கும் உண்டு. வேலைக்கான மருத்துவச் சோதனையில் ஒவ்வொரு முறையும் 'ஃபிட்' முத்திரைதான். இடுப்பை அளக்க ஒரு டேப்பைக்கூட யாரும் எடுக்கவில்லையாம்.