தண்ணிக்குள்ள நிக்க வெச்சாச்சு, தண்ணி வடிஞ்சுதா?

தெருவில் தேங்கிய சாக்கடைத் தண்ணீருக்குள் ஒரு பெண் கவுன்சிலரைத் தெருக்காரர்கள் நிற்க வைத்த அந்த வீடியோவை இன்னும் பார்க்காதவர்கள் இருந்தால் தேட வேண்டாம். எப்படியும் யாராவது உங்களுக்கு அனுப்பிவிடுவார்கள். இரண்டு நாளாகக் குடும்பக் குழுமங்களில் குட்மார்னிங் பூவுக்குப் பதில் அதுதான் வருகிறது.

அந்த அம்மா சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே வரைக்கும் சாக்கடைத் தண்ணீரில் நிற்கிறார். "இங்கயே நில்லும்மா, எங்க வேதனை உனக்கும் தெரியட்டும்" என்று ஒருவர் கத்துகிறார். சுற்றி நாலு செல்போன். யாரோ பின்னால் சிரிக்கிறார்கள். கீழே "சரியான பாடம்", "எல்லா வார்டிலும் இப்படித்தான் செய்யணும்" என்று நூற்றுக்கணக்கில் பாராட்டு.

சரி, தண்ணீர் வடிந்ததா?

வடியவில்லை. நேற்று மாலை வரைக்கும் அங்கேதான் நின்றது. ஏனென்றால் அந்தத் தண்ணீருக்கும் அந்த அம்மாவின் கணுக்காலுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

கவுன்சிலர் வேலை செய்கிறவர் அல்ல, செய்ய வைக்கிறவர். சட்டப்படி நிர்வாக அதிகாரம் மாநகராட்சி ஆணையரிடம். மாமன்ற உறுப்பினர், அதாவது கவுன்சிலருக்குத் தன் கையெழுத்தில் ஒரு மூட்டை சிமெண்ட் வாங்கக்கூட அதிகாரம் கிடையாது. எம்.எல்.ஏ.வுக்குத் தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 3 கோடி. மாநகராட்சிக் கவுன்சிலருக்கு மதிப்பூதியம் மாதம் 10,000 ரூபாய், அதுவும் 2023லிருந்துதான். நகராட்சி உறுப்பினர் என்றால் 5,000. பேரூராட்சி என்றால் 2,500. ஒரு நாளைக்கு 333 ரூபாய் கொடுத்துவிட்டு, ஊரின் ஐம்பது வருஷ வடிகால் கணக்கை அவரிடம் கேட்கிறோம்.

"அதிகாரம் இல்லைன்னா எதுக்கு ஓட்டு கேட்டு வந்தாங்க?" இந்தக் கேள்வி வரும் என்று தெரியும். நியாயமான கேள்விதான். நானே செய்து தருகிறேன் என்று மைக்கில் சொன்னது தப்பு. மைக்கில் யார்தான் உண்மை பேசுகிறார்கள்? அதை விடுங்கள், தண்ணீருக்கு வருவோம்.

அந்தத் தெரு ஒரு காலத்தில் ஏரிக்குத் தண்ணீர் போன வரத்து வாய்க்காலை ஒட்டியிருந்த வயல். தாழ்வான இடம். மனை போட்டவர் தெருக்களுக்குச் செம்மண் கொட்டி, கல் நட்டு, கலர் கொடி கட்டி விற்றார். வாய்க்கால் பக்கம் வாட்டம் பார்த்து மண் கொட்டினாரா என்று வாங்கியவர்கள் கேட்கவில்லை. கிழக்குப் பார்த்த மனையா என்று மட்டும் கேட்டார்கள்.

அப்புறம் ரோடு வந்தது. பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே தார் போடுவது நம் ஊர் வழக்கம். ஒரு முறைக்கு 3, 4 சென்டிமீட்டர். நாலு முறை போட்டால் 12 முதல் 16 சென்டிமீட்டர், வாசல்படி ஒன்று முழுசாக உள்ளே போய்விடும். பழையதைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதுசு போட வேண்டும் என்று 2021லேயே தலைமைச் செயலாளர் உத்தரவு போட்டிருக்கிறார். எஸ்டிமேட்டில் சுரண்டும் வேலை இருக்கிறதா, இருந்தால் நிஜமாகவே சுரண்டினார்களா என்று வேலை நடக்கும் அன்று போய்ப் பார்த்தவர் யார்? அன்றைக்கு யாரும் வீடியோ எடுக்கவில்லை.

அடுத்து வடிகால். 150 மீட்டர் தெருவுக்கு 300 மீட்டருக்கு 1 மீட்டர் சரிவு என்று வாட்டம் கொடுத்தால், கடைசி வீட்டருகே வடிகாலின் அடிமட்டம் முதல் வீட்டை விட அரை மீட்டர் கீழே இருக்க வேண்டும். அந்த அரை மீட்டர் எங்கே போய்ச் சேர்கிறது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. சேரும் இடத்தில் பெரிய வடிகாலின் அடிமட்டம் அதைவிட மேலே இருந்தால், நீங்கள் கட்டியது வடிகால் இல்லை, நீளமான தொட்டி. மழை நின்றதும் கொசு வளர்க்கலாம். நம் ஊர்களில் பாதி இடத்தில் நடப்பது இதுதான். வார்டுக்கு வார்டு துண்டு துண்டாக 40 மீட்டர், 60 மீட்டர் என்று நிதி கிடைத்த அளவுக்குக் கட்டுகிறார்கள். கட்டுவதும் தெருவின் மேல் முனையிலிருந்து. வடிகாலை வெளியேறும் வாயிலிருந்து மேலே நோக்கித்தான் கட்டிக்கொண்டு வரவேண்டும் என்பது கொத்தனாருக்குத் தெரியும், பொறியாளருக்கும் தெரியும். ஆனால் "எங்க வீட்டு முன்னாடி முதல்ல போடுங்க" என்று நாம் கேட்கிறோமே.

இப்போது அந்தத் தண்ணீர் யார் யார் கையைத் தாண்ட வேண்டும் என்று பாருங்கள். தெரு வடிகால் மாநகராட்சியுடையது. அது சேரும் மெயின் ரோட்டு வடிகால் நெடுஞ்சாலைத் துறையுடையது. ரோட்டுக்குக் குறுக்கே போகும் சிறுபாலமும் அவர்களுடையதுதான், மாநகராட்சி அதில் ஒரு கல்லைக்கூட அவர்கள் அனுமதி இல்லாமல் எடுக்க முடியாது. சிறுபாலம் தாண்டினால் வாய்க்கால், அது நீர்வளத் துறை. அந்த வாய்க்காலுக்குள் கட்டியிருக்கும் காம்பவுண்டை எடுக்க நில அளவையர் வந்து, புல எல்லைகளைக் காட்டும் எஃப்.எம்.பி. வரைபடத்தை வைத்து அளந்து, வருவாய்த் துறை நோட்டீஸ் கொடுக்க வேண்டும். வடிகால் போகிற வழியில் நிற்கும் கம்பத்தை நகர்த்த மின்வாரியத்துக்குப் பணம் கட்ட வேண்டும். நடுவில் பாதாளச் சாக்கடைக்குக் குழி தோண்டிய ஒப்பந்ததாரர் வேறு. தோண்டிய மண்ணை ஒரு அடிக்கு ஒரு அடி கொட்டி, தண்ணீர் விட்டு, இடித்து இறுக்க வேண்டும். மொத்தமாகத் தள்ளி மூடிவிட்டுப் போனால் முதல் மழைக்கே பள்ளம். அந்தப் பள்ளத்துக்கும் கவுன்சிலர் வீட்டு வாசலில்தான் போய் நிற்கிறோம்.

ஆறு அலுவலகம். இதில் அந்த அம்மா உத்தரவு போடக்கூடியது எத்தனை? ஒன்றுமில்லை. கடிதம் கொடுக்கலாம், மாமன்றத்தில் கத்தலாம், ஆணையர் அறை வாசலில் உட்காரலாம்.

அவர் வார்டுக்குள்ளேயே ஒரு வடிகால் கட்ட வேண்டும் என்றாலும் வழி இதுதான்: உதவிப் பொறியாளர் வந்து அளந்து எஸ்டிமேட் போட வேண்டும். நிதி எந்தத் தலைப்பில் என்று தேட வேண்டும். மாமன்ற அஜெண்டாவில் பொருளாக வந்து தீர்மானம் ஆக வேண்டும். டெண்டர் விட வேண்டும், 2 கோடிக்கு உள்ளே என்றால் குறைந்தது 15 நாள் அவகாசம், அதற்கு மேலே என்றால் 30 நாள். யாரும் எடுக்காவிட்டால் மறு டெண்டர். சின்ன வேலைக்குப் பல நேரம் யாரும் வர மாட்டார்கள், பழைய பில்லே வரவில்லை என்பார்கள். எடுத்தால் வேலை உத்தரவு. அதற்குள் ஐப்பசி வந்துவிடும். ஈரத்தில் தார் போட்டால் ஒட்டாது, தண்ணீர் நிற்கும் குழியில் கான்கிரீட்டும் போட முடியாது. தைக்குப் பிறகு என்பார்கள். தையில் பொறியாளர் மாற்றலாகிப் போயிருப்பார்.

இதில் கமிஷன் இல்லையா என்று கேட்பவர்களுக்கு: இருக்கிறது. இல்லை என்று சொன்னால் என் வாயில் புழு வைக்கும். ஆனால் அந்த வீடியோவில் நிற்கிறவர் வாங்கினார் என்பதற்கு உங்களிடம் என்ன இருக்கிறது? ஒன்றும் இல்லை. "எல்லாரும் அப்படித்தான்" என்பது ஆதாரம் ஆகாது. முடிந்த வேலையைப் பொறியாளர் அளந்து எழுதும் அளவுப் புத்தகத்தில் இருக்கிற கனமும் ரோட்டில் கிடக்கிற கனமும் ஒன்றா என்று தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் ஸ்டாம்ப் ஒட்டிக் கேளுங்கள். வீடியோவுக்குச் செலவான டேட்டாவை விட மலிவு.

"புருஷன்தானே எல்லாம் பாக்குறாரு, அந்தம்மாவுக்கு என்ன தெரியும்?" இதையும் எழுதியிருக்கிறார்கள். பல வார்டுகளில் அது உண்மை. உள்ளாட்சியில் பெண்களுக்கு 50 சதவீதம் கொடுத்துவிட்டு, கூட்டத்துக்கு வெளியே கணவரை உட்கார வைக்கும் கேவலம் இன்னும் நடக்கிறது. ஆனால் அப்படிப்பட்ட வார்டுகளில் தண்ணீருக்குள் நிற்க வைக்கிறபோது மட்டும் கணவரை யாரும் கூப்பிடுவதில்லை, கவனித்தீர்களா? அன்றைக்கு மட்டும் அந்தப் பெண்தான் கவுன்சிலர். இதே வார்த்தையை, இதே ஒருமையை, ஆணையரிடம் பேசிவிடுவார்களா? நெடுஞ்சாலைத் துறைக் கோட்டப் பொறியாளரைச் சிறுபாலத்துக்குள் இறக்கி நிற்க வைப்பார்களா? அவர் எந்த ஊரில் உட்கார்ந்திருக்கிறார் என்றே தெரியாது. இந்த அம்மா அடுத்த தெருவில் இருக்கிறார். ரேஷன் கடைக்கு நடந்து போகிறார். கைக்கு எட்டுகிறார். எட்டுகிறவரைத்தானே அடிக்க முடியும்.

இன்னொரு கணக்கும் நினைவில் இருக்கட்டும். 2016 அக்டோபரில் பழைய உள்ளாட்சி முடிந்தது. அடுத்த நகர்ப்புறத் தேர்தல் 2022 பிப்ரவரி 19. நடுவில் ஐந்து வருஷத்துக்கு மேல் தமிழ்நாட்டின் எந்த நகரத்திலும் கவுன்சிலரே கிடையாது, தனி அலுவலர்கள்தான். அந்த ஐந்து வருஷம் ஊர்கள் சும்மா இருந்ததா? ஓசூர், நாகர்கோவில், ஆவடி 2019ல் மாநகராட்சி ஆயின. கரூர், கும்பகோணம், சிவகாசி, கடலூர் எல்லாம் 2021ல். அதற்குப் பிறகும் நிற்கவில்லை: நாமக்கல், காரைக்குடி, புதுக்கோட்டை, திருவண்ணாமலை 2024ல். ஓசூரின் பழைய எல்லைக்குள் 2011ல் 1.17 லட்சம் பேர். அந்த ஆண்டு சேர்த்த மத்திகிரி, மூக்கண்டப்பள்ளி பக்கத்து ஊர்களையெல்லாம் கணக்கில் எடுத்தால் அப்போதே 2.45 லட்சம். இன்று அங்கே வீடு தேடிப் பாருங்கள் தெரியும். போர்டு மாற ஒரு நாள் போதும். ஊராட்சியாக இருந்தபோது போட்ட இரண்டடி வடிகாலும், 10 வீட்டுக்கு என்று கணக்கிட்ட குழாயும் மாற எத்தனை நாள்? மக்கள் தொகை ஏறிய வேகத்தில் பொறியாளர் பணியிடம் ஏறவில்லை, தூய்மைப் பணியாளர் எண்ணிக்கை ஏறவில்லை. வரி மட்டும் ஏறியது, அதற்கும் திட்டு வாங்குவது கவுன்சிலர்.

வரி பற்றி ஒரு வார்த்தை. 2022ல் உயர்ந்தது, சென்னையின் பழைய பகுதியை விட்டால், 600 சதுர அடிக்கு உள்ளே என்றால் 25 சதவீதம், பெரிய வீட்டுக்கு 100 சதவீதம் வரை. சொத்து வரிக்குக் குறைந்தபட்ச விகிதத்தை அறிவித்து, வசூலையும் கூட்டிக்கொண்டே போனால்தான் 15வது நிதிக்குழு மானியம் என்பது டெல்லி வைத்த நிபந்தனை. மாமன்றத்தில் எதிர்த்துப் பேசலாம், மானியம் போகும். ஆதரித்தால் தெருவில் நடக்க முடியாது. இந்த நாற்காலிக்குத்தான் ஆசைப்பட்டு வந்தார்கள் என்கிறீர்கள்.

இனி சொல்லப்போவது சிலருக்குப் பிடிக்காது. அன்ஃபிரண்ட் செய்கிறவர்கள் செய்துகொள்ளுங்கள்.

அந்த வீடியோவை 40வது நொடியில் நிறுத்திப் பாருங்கள். கத்துகிற அண்ணன் தண்ணீரில் இல்லை. காய்ந்த இடத்தில், சாய்வாக ஒரு சிமெண்ட் மேடையில் நிற்கிறார். கார் ஏற்றுவதற்கு வடிகாலின் மேலே போட்ட ராம்ப் அது. அந்த வரிசையில் தெரிகிற வீடுகளில் ஒன்றிரண்டு தவிர எல்லா வீட்டுக்கும் உண்டு. அடியில் கை விடக்கூட இடமில்லை. தூர்வார வருகிறவர்கள் ராம்ப் இல்லாத நாலடியில் மண்ணை அள்ளி ஓரத்தில் வைத்துவிட்டுப் போகிறார்கள், காய்ந்த பிறகு எடுக்க வண்டி வராது, அடுத்த மழை அந்த மண்ணைத் திரும்ப உள்ளே தள்ளும். ராம்பை உடைக்க ஜே.சி.பி. வந்தால் முதல் போன் யாருக்கு? அதே கவுன்சிலருக்கு. "அக்கா, நம்ம வீடு மட்டும் விட்டுடச் சொல்லுங்க." அவர் சொல்லவில்லை என்றால் எதிரி. சொன்னால், இதோ, தண்ணீர்.

லேஅவுட் கதையும் இதே. அங்கீகாரம் இல்லாத மனையை விலை குறைவு என்று வாங்குவோம். ரோட்டு நிலத்தை மாநகராட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுக்காமலே மனைப்பிரிவுக்காரர் கம்பி நீட்டிவிடுவார். பத்திரம் இல்லாவிட்டால் பதிவேட்டில் அது இன்னும் தனியார் நிலம், பொதுப்பணத்தில் அங்கே ரோடு போட்டால் தணிக்கையில் பொறியாளரின் சம்பளத்தில் பிடிப்பார்கள். 2017ல் வரன்முறைப்படுத்தும் திட்டம் வந்தது, 2016 அக்டோபர் 20க்கு முன் விற்ற மனைகளுக்கு. எத்தனை பேர் பணம் கட்டி முறைப்படுத்தினோம்? "அப்புறம் பாத்துக்கலாம்." இப்போது பார்க்கிறோம், முழங்கால் அளவுக்கு.

ஏழை மக்களைக் குற்றம் சொல்கிறாய் என்று வரிந்துகட்டிக்கொண்டு வர வேண்டாம். வாய்க்கால் ஓரக் குடிசைக்காரரை நான் சொல்லவில்லை. இரண்டு கார் நிற்கிற வீட்டைச் சொல்கிறேன்.

எந்தக் கட்சிக்கு இந்த முட்டு என்றும் கேட்பீர்கள். அந்த அம்மா எந்தக் கட்சி என்று பார்த்துத்தான் அந்தப் பதிவுகளில் பாதியே வந்தது. வார்டு மாறி இருந்தால் திட்டுகிறவர்களும் முட்டுக் கொடுக்கிறவர்களும் இடம் மாறியிருப்பார்கள். தண்ணீர் அதே இடத்தில் நின்றிருக்கும்.

அந்தத் தெருக்காரர்களுக்கு நிஜமாகவே வேதனை இருக்கிறது. குழந்தைகள் அந்தத் தண்ணீரில்தான் பள்ளிக்கூடம் போகிறார்கள். அதனால்தான் சொல்கிறேன். 2022லிருந்து பகுதி சபா என்று, வார்டுக்குள் அந்தந்தப் பகுதி மக்கள் கூடிப் பேசும் கூட்டம் ஒன்று இருக்கிறது. கூட்டம் போட்டால் எத்தனை பேர் வருகிறீர்கள்? அங்கே போய் "தண்ணி நிக்குது" என்று சொல்லாதீர்கள், அது எல்லோருக்கும் தெரியும். வடிகால் வெளியேறும் இடத்தின் லெவல் எடுத்தாச்சா, சிறுபாலத்துக்கு நெடுஞ்சாலைத் துறைக்குக் கடிதம் எந்தத் தேதியில் போனது, வாய்க்காலை அளக்கச் சொல்லித் தாசில்தாருக்கு மனு போனதா என்று கேளுங்கள். பதிலைக் கூட்ட நடவடிக்கைக் குறிப்பில் எழுத வைத்து, கையெழுத்து போட்டு, நகல் வாங்குங்கள். அந்த நகலைக் கையில் வைத்துக்கொண்டு அந்த அம்மா ஆணையர் அறைக்குள் போனால் பேச்சு வேறு மாதிரி இருக்கும்.

அவர் நம்பர் தெரு முழுக்க எல்லார் போனிலும் இருக்கிறது. அதிகாலை ஐந்தரைக்குத் தண்ணி வரல என்று அதில்தான் கூப்பிடுகிறீர்கள். உதவிப் பொறியாளர் நம்பர் உங்களில் எத்தனை பேரிடம் இருக்கிறது?