மின்தடையின்போது மாடி சோலார் இயங்குமா? பரவும் தகவல் தவறு

"மாடியில் சோலார் போட்டுவிட்டால், புயலில் ஊரே இருண்டாலும் உங்கள் வீட்டில் ஃபேன் ஓடும்" என்று வாட்ஸ்அப்பில் பரவும் தகவல், பேட்டரி இல்லாத ஆன்-கிரிட் (மின்வாரியக் கம்பியுடன் இணைந்து இயங்கும்) சோலார் இணைப்புகளுக்குப் பொருந்தாது.

மின்வாரியக் கம்பியில் மின்சாரம் நின்றதும், நண்பகல் வெயில் பலகைகளின் மேல் விழுந்துகொண்டிருந்தாலும், பலகைகளின் மின்சாரத்தை வீட்டுக்கேற்ற மின்சாரமாக மாற்றும் சோலார் இன்வெர்ட்டர் தானாகவே நின்றுவிடும். இது பழுதன்று. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தபின் செய்ததைப் போல, சாய்ந்த கம்பங்களையும் அறுந்த கம்பிகளையும் சீர்செய்யும் ஊழியர்கள், மின்சாரம் நிறுத்தப்பட்டுவிட்டது என்று நம்பிக் கம்பியில் கைவைக்கும்போது, நம் மாடியிலிருந்து பின்னோக்கிப் பாயும் மின்சாரம் அவர்கள் உயிரைப் பறித்துவிடக் கூடாது என்பதற்கான பாதுகாப்பு ஏற்பாடு அது. மத்திய மின்சார ஆணையத்தின் 2013ஆம் ஆண்டு இணைப்பு விதிமுறைகளும் இதைக் கட்டாயமாக்குகின்றன.

உங்கள் இன்வெர்ட்டர் கையேட்டில், தானாக நிற்கும் இந்தப் பாதுகாப்பைக் குறிக்கும் 'ஆன்டி-ஐலேண்டிங்' என்ற பகுதியைப் பாருங்கள். அடுத்த பகல்நேர மின்தடையில் அதன் திரையையும் கவனியுங்கள். மின்தடையிலும் மின்சாரம் வேண்டுமெனில் பேட்டரியுடன் கூடிய ஹைபிரிட் அமைப்பு தேவை.

வீட்டில் ஆக்சிஜன் கருவியை நம்பியிருக்கும் நோயாளி இருந்தால், இந்தத் தவறான நம்பிக்கை உயிருக்கே ஆபத்து. ஆகவே அச்செய்தியைப் பகிர வேண்டாம். அனுப்பியவருக்கும் இவ்விளக்கத்தைத் தெரிவியுங்கள்.