பொடியில என்ன இருக்குன்னு கேட்டது குத்தமாய்யா?

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில், சர்க்கரையைக் குணமாக்கும் என்று பொடி விற்ற கூட்டத்தில் நடந்ததை உங்களில் பாதிப் பேர் வீடியோவில் பார்த்திருப்பீர்கள். 43 விநாடி. நான் கையை நீட்டிக் கத்துகிறேன். ரெண்டு பேர் தோளைப் பிடித்து உட்கார வைக்கிறார்கள். "மாத்திரை வியாபாரியின் அலறல்" என்று மேலே தலைப்பு வேறு. நல்லா வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். நான் கேட்ட கேள்வியை மட்டும் காணோம்.

மேடையில் பொடியைப் பற்றிப் பேசியவரிடம் நான் கேட்டது இவ்வளவுதான்: "ஐயா, இந்தப் பொடியில என்னென்ன சேர்ந்திருக்கு? ஒரு கரண்டிக்கு எது எவ்வளவு?"

மூணு தடவை கேட்டேன். முதல் தடவை சிரித்தார். ரெண்டாவது தடவை "எல்லாம் இயற்கைப்பா" என்றார். கூட்டம் கை தட்டியது. மூணாவது தடவை மைக்கைப் பிடுங்கிவிட்டார்கள். கத்தியது அதற்கப்புறம்தான். கத்தியிருக்கக் கூடாது, ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் "எல்லாம் இயற்கை" என்பது என்ன பதில்? அரளி விதையும் இயற்கைதான். நம் மாநிலப் பூ செங்காந்தள், வேலியோரத்தில் தானாக முளைக்கிறது, உரம் கிடையாது, பூச்சி மருந்து கிடையாது. அதன் கிழங்கைத் தின்றால் ஆள் பிழைப்பது கஷ்டம். அதே செங்காந்தளில் இருக்கிற கோல்ச்சிசினைத்தான் கவுட் என்கிற மூட்டு வலிக்கு அரை மில்லிகிராம் மாத்திரையாக என் கடையில் விற்கிறேன். அரை மில்லிகிராம்! ஒரே சரக்கு. ஒன்று மருந்து, ஒன்று எமன். நடுவில் இருப்பது அளவு மட்டும்தான். அந்த அளவைத்தானே ஐயா கேட்டேன்?

"சர்க்கரை மாத்திரை ரசாயனம், கிட்னியைத் தின்னுடும்" என்றும் மேடையில் முழங்கினார். நம் ஊரில் முக்கால்வாசி வீட்டில் இருக்கும் மெட்ஃபார்மினுக்கு முன்னோடி ஐரோப்பாவில் வளரும் கலேகா என்ற ஒரு செடி. அதில் இருந்த சரக்கு சர்க்கரையைக் குறைத்தது, கூடவே நஞ்சாகவும் இருந்தது. அதே வகையைச் சேர்ந்த மெட்ஃபார்மினை 1922-ல் ஆய்வகத்தில் செய்தார்கள். 1957-ல் பிரான்சில் ழான் ஸ்டெர்ன் என்ற மருத்துவர் சர்க்கரை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து எழுதினார். கிட்னி ஏற்கெனவே பழுதானவர்களுக்கு டாக்டர் அளவைக் குறைப்பார், இல்லை நிறுத்துவார். அது உண்மை. மற்றபடி கிட்னியைத் தின்பது கட்டுக்குள் வராத சர்க்கரை.

இதை எனக்கு எந்தக் கம்பெனிக்காரனும் சொல்லித் தரவில்லை. என் அயித்தை காலில் பார்த்தேன்.

பள்ளத்தூரில் இருக்கிறார். எழுபது வயசு. இதே மாதிரி ஒரு கூட்டத்துக்குப் போய்விட்டு வந்து, சர்க்கரை மாத்திரையை எல்லாம் மங்குத் தட்டில் கொட்டி மூடி வைத்துவிட்டார். ஒரு மண்டலம் பொடி மட்டும். போனில் கேட்கும்போதெல்லாம் "நல்லாருக்கேன்ப்பா, உடம்பு லேசா இருக்கு" என்பார். லேசாகத்தான் இருந்திருக்கும், எடை இறங்கிக்கொண்டிருந்தது. முப்பத்தஞ்சாவது நாள் நான் போனேன். வளவுத் தூணோரம் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். வலது சுண்டுவிரலுக்கு அடுத்த விரல் கருத்திருந்தது. அவருக்கு வலியே தெரியவில்லை. "செருப்புக் கடிப்பா" என்றார். மதுரைக்குக் கூட்டிப்போய் ரெண்டு விரலை எடுத்தோம். அந்தப் பொடியில் என்ன இருந்தது என்று சர்ஜன் கேட்டார். காலிப் பொட்டலத்தைக் காட்டினேன். ஒரு எழுத்துக்கூட அதில் இல்லை.

சரி, உடனே கமெண்டில் ஒருத்தர் வருவார், "இருமல் சிரப் குடிச்சுப் பிள்ளைங்க செத்துச்சே, அது உங்க மருந்துதானே?" வரட்டும். 2025-ல் மத்தியப் பிரதேசத்தில் பச்சைப் பிள்ளைகள் செத்தன. சிரப் தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நஞ்சு கலந்திருந்தது. அதற்கு என்னிடம் சமாதானம் இல்லை, சொல்லவும் மாட்டேன். ஆனால் பாட்டிலில் பேட்ச் நம்பர் இருந்தது. அதை வைத்துத்தான் எந்தத் தொழிற்சாலை என்று போய்ப் பூட்டினார்கள். அயித்தையின் பொட்டலத்தை வைத்து நான் யார் வீட்டுக் கதவைத் தட்ட?

இன்னொருத்தர், "சித்த மருத்துவத்தைக் கேவலப்படுத்துறான்" என்கிறார். யாரிடம் சொல்கிறீர்கள்? எங்கப்பா முப்பது வருஷம் காரைக்குடியில் நாட்டு மருந்துக் கடை வைத்திருந்தவர். சித்தரத்தை, திப்பிலி, அதிமதுர வாசத்தில் வளர்ந்தவன் நான். கடையில் நஞ்சுள்ள சரக்குகளான நேர்வாளமும் சேராங்கொட்டையும் தனி டப்பாவில், மேல் தட்டில், என் கைக்கு எட்டாத இடத்தில் இருக்கும். யாராவது நேர்வாளம் கேட்டால், "யாருக்கு? வயசென்ன? எந்த வைத்தியர் எழுதினாரு? சுத்தி பண்ணத் தெரியுமா?" என்று நாலு கேள்வி. சுத்தி என்றால் நஞ்சை முறிக்கிற பக்குவம். பதில் சரியில்லையென்றால் "சரக்கு இல்லண்ணே" என்று அனுப்பிவிடுவார். டப்பா நிறைய இருக்கும்! அந்த மனுஷன் ஒருநாளும் "பக்கவிளைவே கிடையாது" என்று சொன்னதில்லை. பக்கவிளைவு இல்லையென்றால் பத்தியம் எதற்கு, சுத்தி எதற்கு, மருந்தோடு தேனோ பாலோ சேர்க்கிற அனுபானம் எதற்கு? சித்த மருத்துவத்தைக் கேவலப்படுத்துவது நானா, மேடையில் நின்றவரா?

அப்பத்தா பிள்ளைகளுக்கு உரைமருந்து கொடுக்கும்போது கல்லில் உரசுவதை எண்ணிக்கொண்டே உரசுவார். கடுக்காய் மூணு உரசு, வசம்பு ரெண்டு. ஜாதிக்காய் வந்தால் கையைத் தூக்கிக் காட்டி, "இது ஒண்ணே ஒண்ணுதேன், மேல போனா பிள்ள கிறங்கிப் போகும்" என்பார். பள்ளிக்கூட வாசலை மிதிக்காத பொம்பளை. அவருக்கு அளவு தெரிந்திருந்தது. கோட்டு போட்டு மைக் பிடித்தவருக்குத் தெரியவில்லை.

இயற்கை மருந்தைச் சோதிக்க முடியாதா என்ன? மஞ்சள் காமாலைக்கு நம் எல்லார் வீட்டிலும் அரைக்கிற கீழாநெல்லியை மெட்ராஸ் ஆராய்ச்சியாளர்களே சோதித்தார்கள். ஹெபடைடிஸ் பி கிருமியைச் சுமந்தவர்களுக்கு 200 மில்லிகிராம், தினம் மூணு வேளை, 30 நாள். 37 பேரில் 22 பேருக்குக் கிருமியின் அடையாளம் ரத்தத்திலிருந்து போனது என்று 1988-ல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்தது. நமக்கெல்லாம் பெருமை. பிறகு வேறு இடங்களில் செய்து பார்த்தபோது அதே பலன் வரவில்லை. அதையும் எழுதினார்கள். அதுதான் நேர்மை.

நித்தியகல்யாணி கதை இன்னும் வேடிக்கை. என் கடைச் சுவரோரம் அதுபாட்டுக்குப் பூத்துக் கிடக்கிறது. சர்க்கரைக்கு நல்லது என்று பல ஊர்களில் குடித்த செடி. 1950-களில் கனடாவில் சர்க்கரைக்காகத்தான் சோதித்தார்கள். சர்க்கரை அசையவில்லை, ஆனால் வெள்ளை அணுக்கள் சரிந்தன. அந்தச் செடியிலிருந்துதான் இன்று பிள்ளைகளின் ரத்தப் புற்றுக்குப் போடும் வின்கிரிஸ்டின் வருகிறது. பெரிய ஆளுக்கே பொதுவாக ஒரு தடவைக்கு 2 மில்லிகிராமைத் தாண்ட மாட்டார்கள். நரம்பைப் பதம் பார்த்துவிடும். இது செடியா, ரசாயனமா? எந்தப் பக்கம் வைப்பீர்கள், சொல்லுங்கள்.

"மெடிக்கல்காரன் வேற எப்படிப் பேசுவான்" என்று எழுதியிருக்கிறார்களே, அதுதான் ரெண்டு நாளாகத் தூங்கவிடவில்லை. எழுதியவர்கள் வெளியூர்க்காரர்கள் இல்லை. 2021 மே மாதம் ராத்திரி பதினோரு மணிக்கு என் ஷட்டரைத் தட்டியவர்கள். "அண்ணே, கடனா குடுங்க" என்றபோது எந்தக் கம்பெனிக்கு ஏஜெண்டாக இருந்தேன்? கபசுரக் குடிநீரும் நான்தான் கொடுத்தேன், மாத்திரையும் நான்தான் கொடுத்தேன். இப்போதும் என் கடையில் ரெண்டும் இருக்கிறது. லைசென்ஸ் நம்பரும் சேர்மானமும் அச்சடித்த சூரணம் என்றால் யோசிக்காமல் வைப்பேன். சித்த மருந்தோ, சீமை மருந்தோ, லேபிள் சட்டப்படி இருக்க வேண்டும். சர்க்கரையைக் குணமாக்குவேன் என்று விளம்பரம் செய்வதே 1954-ம் வருஷத்து மருந்து விளம்பரச் சட்டப்படி குற்றம். மண்டப வாசலில் அந்தக் குற்றம் ஃபிளெக்ஸாகக் கட்டியிருந்தது, பன்னிரண்டு அடிக்கு. அதன் கீழே நின்று செல்ஃபி எடுத்தவர்களில் ரெண்டு பேர் எனக்குச் சொந்தக்காரர்கள்.

லாபம் பற்றிப் பேசுகிறார்கள். மெட்ஃபார்மின் ஒரு அட்டையில் எனக்கு என்ன நிற்கும் என்று வந்து பில்லைப் பாருங்கள். அந்தப் பொட்டலம் 850 ரூபாய். ஒரு மண்டலத்துக்கு நாலு பொட்டலம்.

நானும் ஒன்று வாங்கி வந்தேன். ஆமாம், கத்திவிட்டு வெளியே வந்து, காசு கொடுத்து வாங்கினேன். அந்தப் பெண் பில் தரவில்லை. இப்போது என் மேஜையில், அப்பாவின் பித்தளைத் தராசுக்குப் பக்கத்தில் இருக்கிறது. பழுப்பு நிறம், லேசாகக் கடுக்காய் வாசம், இன்னொரு வாசமும் வருகிறது, எனக்குப் பிடிபடவில்லை. முன்பக்கம், பின்பக்கம், ரெண்டையும் படம் எடுத்துக் கமெண்டில் போட்டிருக்கிறேன். சேர்மானம் எங்கே எழுதியிருக்கிறது என்று கண்டுபிடித்தவர்கள் வட்டம் போட்டுக் காட்டுங்கள். ராத்திரி ஒன்பதரை வரை கடையில்தான் இருப்பேன்.