விஸ்தானி வண்டியை இன்னும் ஓட்டுகிறார்களே!

ஆளுக்கொரு பாத்திரமாகக் கதை சொல்லி ஆடும் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட உட்கார்ந்தால் யாராவது ஒருவர் அதில் வரும் நாடோடிக் கூட்டமான விஸ்தானிகளைக் கொண்டுவந்துவிடுகிறார். வண்ண வண்டி, சீட்டு ஜோசியம், குடி, திருட்டு, சாபம். பற்றிக்கொண்டு வருகிறது! ஐரோப்பாவில் 'ஜிப்சி' என்று அழைக்கப்பட்ட ரோமா மக்கள்மேல் காலங்காலமாகச் சுமத்திய அவதூறுதான் இது. இன்றைய ருமேனியாவில் இருக்கும் வல்லாக்கியாவில் 1856 வரை அவர்களை அடிமைகளாக வைத்திருந்தார்கள். நாஜிகள் லட்சக்கணக்கில் கொன்றார்கள். அந்தக் கொடுமைகளுக்கெல்லாம் துணைபோன வசைகள் இவை. விளையாட்டை வெளியிடும் விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட்டே 2020இல் இந்தச் சித்திரிப்பைத் திருத்துவதாக அறிவித்தது. அப்புறமும் ஏன் பழையதையே பிடித்துத் தொங்க வேண்டும்? கற்பனைதானே என்கிறார்கள். சரி, கற்பனை என்றால் புதிதாக யோசியுங்களேன்! அந்த வண்டியில் ஒரு கொல்லர், ஒரு மருத்துவச்சி, பேரனைத் திட்டும் பாட்டி என ஆளுக்கொரு குணம் கொடுங்கள்.