ஸ்காட்லாந்து சபையில் டிரான்ஸ்ஃபர் ஆர்டர் கிடையாது

"சர்ச் ஆஃப் ஸ்காட்லாந்தில் எடின்பரோ தலைமையகம்தான் ஆயர்களை ஊர் ஊராக மாற்றுகிறது, கோயில்களையும் மூடுகிறது" என்று மேலே எழுதியிருக்கிறீர்கள், சகோதரரே. இது தவறு. பேராயர் டிரான்ஸ்ஃபர் போடுவதைப் பார்த்துப் பழகிய நமக்கு அப்படித் தோன்றுவது இயல்புதான். ஆனால் அங்கே பேராயரே இல்லை. சபையின் உச்ச மன்றமான பொதுப்பேரவையின் தலைவர், அதாவது மாடரேட்டரும், ஓராண்டு தலைமை வகிப்பவர் மட்டுமே.

ஓர் இடம் காலியானால் அந்தச் சபையாரே தங்களுக்குள் ஒரு தேர்வுக் குழுவை அமைக்கிறார்கள். குழு தேர்ந்தெடுத்த ஒரே ஒருவர் ஞாயிறு ஆராதனை நடத்திப் பிரசங்கிப்பார். அது முடிந்ததும் வாக்குச்சீட்டு. வேண்டும், வேண்டாம், இரண்டே பதில். வேண்டும் என்றால் அழைப்புப் பத்திரத்தில் சபையார் கையெழுத்திடுவார்கள். அதன்பின் பிரஸ்பிட்டரி, அதாவது அந்த வட்டாரத்து ஆயர்களும் சபைப் பொறுப்பாளர்களான மூப்பர்களும் கூடும் மன்றம், அவரைப் பணியில் அமர்த்தும். இந்த உரிமைக்காகவே 1843-இல் சபை இரண்டாக உடைந்தது. நிலக்கிழார்கள் ஆயரை நியமிக்கும் முறை 1874-இல்தான் ஒழிந்தது. இதை ஒரே வரியில் "தலைமையகம் மாற்றுகிறது" என்று சொல்லிவிட மனம் ஒப்பவில்லை.

நீங்கள் சொன்னதில் உண்மையும் உண்டு. நாடு முழுவதும் உள்ள ஊழியப் பணியிடங்களை, ஆள் உள்ள இடங்கள் 600, அதற்கு மேல் காலியிடங்கள் 60 என்ற அளவுக்குக் குறைக்கும் இலக்கை 2021 பொதுப்பேரவை வைத்தது. ஆனால் எந்தத் திருச்சபைகளை இணைப்பது, எந்தக் கட்டடத்தைக் கைவிடுவது என்ற திட்டத்தை வகுப்பது அந்தந்தப் பிரஸ்பிட்டரி. அதில் ஆயர்களோடு மூப்பர்களுக்கும் வாக்கு உண்டு. அந்தத் திட்டத்துக்கு மைய அமைப்புகளின் ஒப்புதலும் வேண்டும். திட்டத்தில் இடமில்லாத சபைக்குப் புதிய ஆயரை அழைக்க அனுமதி கிடைக்காது. வலி அங்கேதான் இருக்கிறது.