எந்த மியூசிக்கல எந்த டைரக்டர்கிட்ட குடுக்கலாம்? என்னோட லிஸ்ட், கொஞ்சம் ஆத்திரத்தோட

நியூயார்க் பிராட்வே தியேட்டர்கள்ல ஓடின ஏதாவது ஒரு மியூசிக்கல், அதாவது பாட்டாலயே கதை சொல்ற மேடை நாடகம், படமாகப் போகுதுன்னு நியூஸ் வந்தா போதும், உடனே ஆளாளுக்கு டைரக்டர் பேர் சொல்ல ஆரம்பிச்சுடுறாங்க. பாதாள லோகத்துக் கதையா, பூதம், ராட்சசன்னு படம் எடுக்கற டெல் டோரோகிட்ட குடு. புடாபெஸ்ட்ல ஒரு சின்னக் கடையா, வெஸ் ஆண்டர்சன விட்டா யாரு. நியூயார்க்ல கல்யாணம், டைவர்ஸ்னு புலம்பலா, நோவா பாம்பாக். ஜாதகம் பாக்காம பொண்ணோட புடவை கலரும் மாப்பிள்ள சட்டை கலரும் மேட்ச் ஆகுதான்னு மட்டும் பாத்துட்டு தாலி கட்டச் சொல்ற கதைதான் இது.

நான் பாக்குற பொருத்தம் ஒண்ணே ஒண்ணுதான். நல்லா பேசிட்டிருந்த ஆளு திடீர்னு ஏன் பாடுறான்? இதுக்கு அந்த டைரக்டர்கிட்ட ஒரு பதில் இருக்கணும். செட், காஸ்ட்யூம், கலர் எல்லாம் காசு குடுத்தா வரும், இந்தப் பதில் வராது.

நமக்கு இந்தக் கேள்வியே விசித்திரமா இருக்கும், ஏன்னா நம்ம சினிமா பொறந்ததே சங்கீத நாடகத்துலேந்துதான். மேடைல ஓடிட்டிருந்த பவளக்கொடிய 1934ல கே. சுப்பிரமணியம் படமா எடுத்தப்போ அதுல ஏறக்குறைய 50 பாட்டு, அர்ஜுனனா நடிச்ச எம்.கே.டி பாகவதர் வாய தொறந்தா பாட்டுதான், அர்ஜுனன் ஏன்யா பாடுறாருன்னு தியேட்டர்ல ஒருத்தரும் எழுந்து கேட்டிருக்க மாட்டாங்க. ஆனா ஹாலிவுட்டுக்கு 60கள் முடிஞ்சதுக்கப்புறம் இதுல ஒரு கூச்சம் வந்துடுச்சு. பாட்டு வந்தா ஆடியன்ஸ் சிரிச்சுடுவாங்களோன்னு ஒரு பயம்.

அந்தக் கூச்சத்தையே ஸ்டைலா மாத்தினவர் பாப் ஃபாஸி. 1972ல வந்த கேபரே படத்துக்காக, மேடைல கேரக்டர்கள் வீட்லயும் ரூம்லயும் பாடிட்டிருந்த பாட்டையெல்லாம் தூக்கிட்டாரு. யார் பாடினாலும் கதை நடக்கற பெர்லின் நைட் கிளப் மேடைல பாடணும். வெளிய வர்ற ஒரே பாட்டு, பியர் கார்டன்ல ஒரு நாஜிப் பையன் பாடுறது, அங்க இருக்கிறவங்க ஒவ்வொருத்தரா எழுந்து கூட சேந்து பாடுறப்போ முதுகுல சில்லுன்னு ஏறும். காட்ஃபாதர் போட்டில இருந்த வருஷத்துல கப்போலாவ தாண்டி பெஸ்ட் டைரக்டர் ஆஸ்கர் வாங்கினாரு மனுஷன், சும்மாவா. 30 வருஷம் கழிச்சு ராப் மார்ஷல் சிகாகோவ எடுத்தப்போ இதே சாவிய வேற பூட்டுல போட்டாரு, பாட்டெல்லாம் கதாநாயகி ராக்ஸியோட மண்டைக்குள்ள நடக்குது. அதுவும் ஃபாஸி 1975ல மேடையேத்தின ஷோதான், பெஸ்ட் பிக்சர் வாங்குச்சு.

ஸ்பீல்பெர்க் இந்தச் சமாதானம் எதுவும் சொல்லல, அதனாலதான் 2021ல வந்த வெஸ்ட் சைட் ஸ்டோரி எனக்கு அவ்ளோ பிடிக்கும். கனவு இல்ல, கிளப் இல்ல, ரோட்ல பாடுறாங்க, அவ்வளவுதான். அவரோட கேமரா சண்டைலயும் சேஸ்லயும் ஏற்கனவே அம்பது வருஷமா டான்ஸ்தானே ஆடிட்டிருக்கு? 1961 படத்துல ராத்திரி மொட்டை மாடில நடந்த அமெரிக்கா பாட்ட பட்டப்பகல்ல தெருவுக்குக் கொண்டு வந்தாரு பாருங்க, அந்த ஒரு பாட்டுக்காகவே டிக்கெட் காசு குடுக்கலாம். ஸ்பானிஷ் வசனத்துக்கு சப்டைட்டில் போட மாட்டேன்னுட்டாரு. அனிட்டா ரோலுக்கு அப்போ ரீட்டா மொரேனோ ஆஸ்கர் வாங்குனாங்க, இப்போ அதே ரோலுக்கு அரியானா டிபோஸ். வசூல்ல அடி வாங்குச்சு, அது வேற வயித்தெரிச்சல்.

பெரிய பேர் மட்டும் போதாதுங்கறதுக்கு உதாரணம் வேணுமா, அட்டன்பரோ. காந்தி எடுத்து கை நிறைய ஆஸ்கர் வாங்கிட்டு 1985ல எ கோரஸ் லைன் எடுத்தாரு. அந்த ஷோல ஒண்ணுமே கிடையாதுங்க, வெத்து மேடை, பின்னாடி கண்ணாடி, ஆடிஷனுக்கு வந்த டான்ஸர்ஸ் வரிசையா நின்னு தன் கதையச் சொல்றாங்க. மைக்கேல் பென்னட் நிஜ டான்ஸர்ஸ உக்கார வச்சு பேசச் சொல்லி டேப்ல பதிஞ்சு அதுலேந்து உருவாக்கினது, 1976ல புலிட்சர் பரிசு வாங்கினது. வரிசைல நிக்கிற எல்லாரும் சமம், அதான் அதோட உயிர். படத்துல என்னடான்னா ஆடிஷனுக்கு வந்த கேஸி, ஆடிஷன் நடத்தற ஸாக் ரெண்டு பேரோட பழைய காதலுக்கு அடிக்கடி ஃபிளாஷ்பேக் போயிட்டு வந்து அந்த வரிசையையே கலைச்சு விட்டுட்டாங்க. சிட்னி லூமெட் 1978ல தி விஸ் எடுத்தது இன்னொரு கொடுமை, நியூயார்க் போலீஸ் ஸ்டேஷனையும் கோர்ட்டையும் அவர மாதிரி எடுக்க ஆள் கிடையாது, அவரக் கூட்டிட்டுப் போயி மாயாஜாலம் பண்ணுய்யான்னா என்ன பண்ணுவாரு பாவம். ஜான் ஹியூஸ்டன் அன்னி எடுத்த கதைய விடுங்க.

டாம் ஹூப்பர் கேஸ்தான் எனக்கு ரொம்ப இன்ட்ரஸ்டிங். 2012ல லே மிஸராப்ள எடுத்தப்போ நடிகர்கள செட்லயே லைவா பாட வச்சாரு, காதுல பியானோ மட்டும் கேக்கும், அவங்க இழுத்தா பியானோவும் கூட இழுக்கும். ஆன் ஹாத்தவே மூஞ்சிலேந்து கேமராவ நகத்தாம ஒரு முழுப் பாட்டு, அழுகையும் சுருதியும் ஒண்ணோட ஒண்ணு மல்லுக்கட்டுது, ஆஸ்கர் குடுக்காம என்ன பண்ணுவாங்க. அந்தக் கதைல எல்லாரும் உயிர் போற வலில இருக்காங்க, அதனால பாடுறாங்க, பதில் கரெக்ட். அதே ஆளு 2019ல கேட்ஸ் எடுத்தாரு. அது கதையே இல்லாத டான்ஸ் ஷோ, பூனைங்க ஒவ்வொண்ணா வந்து தன்னைப் பத்திப் பாடிட்டுப் போகும், அவ்வளவுதான். அங்க உடம்பு முழுசா தெரியணும், அசையணும். இவரு அங்கயும் எமோஷன் தேடுனாரு, கிராஃபிக்ஸ் ரோமத்தோட. ரிலீஸ் ஆனதுக்கப்புறம் கிராஃபிக்ஸ சரி பண்ணி தியேட்டருக்கு மறுபடி பிரிண்ட் அனுப்புனாங்க, அந்த லட்சணம். திறமை எங்கயும் ஓடிப் போகல, மாட்டின ஷோதான் தப்பு.

இப்போ நடந்துட்டிருக்கறதுலயே பத்துக்குப் பத்துப் பொருத்தம் ரிச்சர்ட் லிங்க்லேட்டரும் மெரிலி வி ரோல் அலாங்கும். பிராட்வே இசையமைப்பாளர் சோண்ட்ஹைமோட அந்த ஷோ 1981ல ஓப்பன் ஆகி 16 ஷோல ஊத்திக்கிச்சு. கதை பின்னாலேந்து முன்னால போகும், கசந்து போன நடுத்தர வயசுல ஆரம்பிச்சு, மூணு ஃப்ரெண்ட்ஸும் எதையும் சாதிச்சுடலாம்னு நம்பின வயசுல முடியும். 12 வருஷம் ஒரே பையன வச்சு பாய்ஹுட் எடுத்தவரு, இத 20 வருஷத்துல எடுக்கறேன்னு 2019ல ஆரம்பிச்சுட்டாரு. மேக்கப்ல வயசக் காட்டாம நிஜ வயச உக்காந்து வெயிட் பண்ணி எடுக்கறாரு. அது வர்றப்போ நமக்கும் கசந்து போன வயசாயிருக்கும், பரவால்ல.

சரி, என் லிஸ்ட்டுக்கு வர்றேன்.

ஹேடிஸ்டவுன். 2019ல பெஸ்ட் மியூசிக்கலோட சேத்து 8 டோனி (பிராட்வேக்கு ஆஸ்கர் மாதிரி) வாங்கின ஷோ, அனேஸ் மிச்செல் வெர்மான்ட்ல சின்னதா ஆரம்பிச்சு, அப்புறம் 2010ல ஆல்பமா போட்டு, பிராட்வே வரைக்கும் வளத்தது. செத்துப் போன காதலி யூரிடிசிய மீட்க பாதாளத்துக்குப் போற பாட்டுக்காரன் ஆர்ஃபியஸ், திரும்பிப் பாக்காம நடந்தா அவ பின்னாலயே வருவா, திரும்பினா போச்சு. ஊரே டெல் டோரோங்குது, நான் பிரெஞ்சு டைரக்டர் செலின் சியாமாங்கறேன். அவங்களோட போர்ட்ரெய்ட் ஆஃப் எ லேடி ஆன் ஃபயர் பாத்தவங்களுக்குப் புரியும், அதுல மூணு பொண்ணுங்க அடுப்படி வெளிச்சத்துல இதே ஆர்ஃபியஸ் கதையப் படிச்சுட்டு, அந்த முட்டாள் ஏன் திரும்பினான்னு சண்டை போடுவாங்க. ஒருத்தி சொல்லுவா, ஒருவேளை அவளே திரும்பச் சொல்லியிருக்கலாம்னு. அந்த ஒரு லைனுக்குள்ள யூரிடிசி கையில முழு ஷோவும் வந்துடுது! அதோட அந்தப் படத்துல பேக்ரவுண்ட் மியூசிக்கே கிட்டத்தட்ட கிடையாது, ராத்திரி நெருப்பச் சுத்தி நின்னு பொண்ணுங்க சேந்து பாடத் தொடங்கறப்போ நம்ம மயிர் நட்டுக்கும், ஏன்னா அது வரைக்கும் நம்மள பட்டினி போட்டிருக்காங்க. பாட்ட எப்போ குடுக்கக் கூடாதுன்னு தெரிஞ்சவங்களுக்குத்தான் எப்போ குடுக்கணும்னு தெரியும். சுவர் ஏன் கட்டறோம்னு தொழிலாளிங்க பாதாள ராஜா ஹேடிஸுக்குப் பதில் சொல்லிப் பாடுற இடத்த இவங்க எடுத்தா எப்படி இருக்கும்னு யோசிச்சுப் பாருங்க, டிராகனும் பேயும் ஒண்ணும் தேவையில்ல.

கம்பெனி, சோண்ட்ஹைம், 1970. 35வது பொறந்தநாள், கல்யாணம் ஆகாத ஒருத்தன், சுத்தி அஞ்சு தம்பதிங்க, கதைன்னு பெருசா ஒண்ணும் கிடையாது. பாம்பாக்கோட மேரேஜ் ஸ்டோரில ஆடம் டிரைவர் அதோட கடைசிப் பாட்ட பார்ல நின்னு பாடிட்டாரு, அதனாலதான் எல்லாரும் பாம்பாக்குங்கறாங்க, ஆனா அவரு அத ஏற்கனவே எடுத்து முடிச்சுட்டாரே. என் ஓட்டு நார்வேக்காரர் யோவாக்கிம் ட்ரியருக்கு. 2018ல லண்டன்ல மரியான் எலியட் ஹீரோவ பொண்ணா மாத்திப் போட்டாங்க, சோண்ட்ஹைமும் சம்மதிச்சாரு, அந்த வெர்ஷனத்தான் எடுக்கணும். ட்ரியரோட தி வர்ஸ்ட் பர்சன் இன் தி வேர்ல்ட்ல முப்பத நெருங்கற பொண்ணு, 12 சாப்டரா துண்டு துண்டா வாழ்க்கை, நடுவுல ஆஸ்லோ ஊரே அப்படியே உறைஞ்சு நிக்க இவ மட்டும் சிரிச்சுட்டே ஓடுவா. அது பாட்டில்லாத மியூசிக்கல் நம்பர்தானே?

ஷீ லவ்ஸ் மீ, 1963. புடாபெஸ்ட் கடை ஒண்ணுல நேர்ல சண்டை போட்டுட்டே இருக்கிற ரெண்டு சேல்ஸ் ஆளுங்க, ஒருத்தருக்கொருத்தர்தான் பேர் தெரியாம லவ் லெட்டர் எழுதிட்டிருக்கோம்னு தெரியாம. இந்தக் கதை டைரக்டர் லூபிட்ச் கையில 1940லயும், ஈமெயிலா மாறி 1998லயும் படமாச்சு, மியூசிக்கல மட்டும் யாரும் இன்னும் சினிமாவா எடுக்கல. வெஸ் ஆண்டர்சன் வேண்டாம், கடைய பொம்மை வீடாக்கிடுவாரு. அங்க வேலை பாக்கறவங்களுக்கு முதலாளி எப்போ வெளிய அனுப்புவாரோன்னு அடிவயித்துல ஒரு பயம் இருக்கு, அந்த பயம் தெரிஞ்ச ஆளு பின்லாந்து டைரக்டர் ஆக்கி கவுரிஸ்மாக்கிதான். அவரோட ஃபாலன் லீவ்ஸ்ல போன் நம்பர் எழுதின துண்டு சீட்டத் தொலைச்சுட்டு நிப்பான் பாருங்க ஒருத்தன், மூஞ்சில ஒரு எக்ஸ்பிரஷனும் இருக்காது, நமக்குத்தான் நெஞ்சு வலிக்கும். அப்படிப்பட்ட ஊமைங்க பாட ஆரம்பிச்சா ஏன் பாடுறாங்கன்னு கேக்கவே தோணாது.

ஃபாலீஸ், பொண்ணுங்க கதையவும் பழைய ஞாபகத்தையும் விடாம எடுக்கற ஸ்பெயின் டைரக்டர் அல்மொதோவருக்கு. இடிக்கப் போற தியேட்டர்ல வயசான நடிகைங்க கடைசியா ஒரு தடவ கூடறாங்க, அவங்களோட இளமை பேயா கூடவே திரியுது. இதுக்கு மேல விளக்கம் வேற வேணுமா?

நம்ம ஆளு விஷயத்துக்கும் வர்றேன். ஏ.ஆர். ரஹ்மானோட பாம்பே ட்ரீம்ஸ், 2002, லண்டன் அப்பல்லோ விக்டோரியா தியேட்டர், ஆண்ட்ரூ லாயிட் வெப்பர் தயாரிப்பு. இப்போ அதே தியேட்டர்லதான் 2006லேந்து விக்கட் மியூசிக்கல் ஓடிட்டிருக்கு. மணிரத்னம் எடுக்கணும்னு ஒரு கூட்டம் சொல்லும். வேண்டாங்க. முதல்வன் படத்து ஷக்கலக்க பேபி மேடைக்குப் போயி, மறுபடி படத்துக்கு வரணும்னா அத சீரியஸா எடுக்கவே முடியாது, கிண்டல் தெரிஞ்ச ஆளு வேணும். அந்த ஷோக்கு டான்ஸ் அமைச்சவங்கள்ல ஒருத்தர் ஃபரா கான், பிற்பாடு ஓம் சாந்தி ஓம்ல இந்தி சினிமாவ அணு அணுவா கலாய்ச்சதும் அவங்கதான். பொருத்தமான டைரக்டர் ரிகர்சல் ரூம்லயே நின்னுட்டிருந்திருக்காங்க, யாருக்கும் கண்ணு தெரியல.

கடைசியா சோண்ட்ஹைமோட சண்டே இன் தி பார்க் வித் ஜார்ஜ். ஓவியர் சோரா, புள்ளி புள்ளியா வச்சு அந்தப் பெரிய ஞாயித்துக்கிழமை ஓவியத்த வரையறாரு, வரையற வேகத்துல கூட இருக்கறவளத் தொலைக்கிறாரு. இத பிரிட்டிஷ் டைரக்டர் மைக் லீதான் எடுக்கணும். டாப்ஸி டர்வில பழைய இங்கிலீஷ் ஓபரா ஜோடி கில்பர்ட்டும் சல்லிவனும் ஒரு ஷோ தயார் பண்ற கஷ்டத்த எடுத்தாரு, மிஸ்டர் டர்னர்ல ஒரு ஓவியரோட முரட்டுத்தனத்த எடுத்தாரு, ரெண்டையும் கூட்டினா இதான வருது. சிக்கல் என்னன்னா அவரு எழுதின ஸ்கிரிப்ட் இல்லாம மாசக்கணக்கா நடிகர்களோட பேசிப் பேசி படம் பண்ற ஆளு, சோண்ட்ஹைம் பாட்டுல ஒரு அசைய நகத்தினாலும் மொத்தமும் சரிஞ்சுடும். அடுத்தவன் எழுதினத எடுக்க அவரு சத்தியமா ஒத்துக்க மாட்டாரு. யாராவது தைரியமா போயிக் கேளுங்கப்பா, திட்டினா என் பேர மட்டும் சொல்லிடாதீங்க.